பிரஷர் 158/96, எடை 94 கிலோ: மாத்திரை இல்லாமல் இறக்க முடியுமா?

காவலன்_சுசி | சனி, இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் ஆள் நான். வயது 43. முன்பு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தேன். முதுகு போனதும் அதை விட்டுவிட்டு டவுனுக்கு வந்தாச்சு. இப்போது ஒரு தொழிற்சாலையில் ஜாகா (காவலாளி) வேலை. 12 மணி நேர ஷிப்ட், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு.

இருமல் விடவில்லை என்று அரசாங்க கிளினிக்குப் போனேன். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் பிரஷர் எடுத்தார்கள். 158/96. கொஞ்ச நேரம் உட்கார வைத்து மறுபடி எடுத்தார்கள், பெரிதாக மாறவில்லை. எடை 94 கிலோ, உயரம் 168 செண்டிமீட்டர். ரத்தம், சிறுநீர் எல்லாம் எடுத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து வா, அப்போதும் இப்படியே இருந்தால் மாத்திரைதான் என்றார் டாக்டர்.

எனக்குத் தலைவலி கிடையாது, மயக்கம் கிடையாது. மாத்திரையைத் தொட்டால் சாகிற வரைக்கும் விட முடியாது என்று வேலை இடத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் அப்பா 51 வயதில் பக்கவாதத்தில் படுத்தவர், அதனால் உள்ளுக்குள் பயமும் இருக்கிறது. சாப்பாடு, நடை இவற்றை வைத்தே இறக்க முடியுமா? ஓட்ஸ், சாலட் என்று சொல்ல வேண்டாம். நம்ம வீட்டுச் சாப்பாட்டை வைத்துச் சொல்லுங்கள்.

லயத்துப் பையன் | சனி, இரவு 10:40

அண்ணே, மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். என் தாத்தா தினமும் கருவாடு, ஊறுகாய், தட்டு நிறையச் சோறு. 88 வயது வரை பிரட்டுக் களம் (தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டும் இடம்) வரை நடந்து போய் வந்தார். அந்தக் காலத்தில் உப்பைக் குறை என்று யார் சொன்னார்கள்? இதெல்லாம் மருந்து விற்கிறவன் கட்டிவிட்ட கதை.

பச்சைவாழை | சனி, இரவு 11:05

பெலிம்பிங் ஜூஸ் குடியுங்கள், வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ். கூடவே பூனைமீசை இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். எங்கள் சித்திக்குச் சட்டென்று இறங்கியது.

தாதி அக்கா | ஞாயிறு, காலை 7:20

அரசாங்க கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். பெலிம்பிங், அதாவது நட்சத்திரப்பழம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு விஷம். விக்கல் நிற்காமல் வரும், புத்தி தடுமாறும், வலிப்பு வரும், உயிரே போகலாம். பிரஷர் உள்ளவர்களில் பலருக்குச் சிறுநீரகம் கெட்டிருப்பதே தெரியாது. தம்பிக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அடுத்தது, தலைவலி இல்லை, மயக்கம் இல்லை என்பது. பிரஷருக்குப் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. தலைவலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களை நான் வார்டில்தான் சந்தித்தேன்.

இருமலுக்கு முன்னாடி மருந்துக்கடையில் ஏதாவது வாங்கிச் சாப்பிட்டீர்களா தம்பி? மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் பிரஷரை ஏற்றும். முதுகு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை தொடர்ந்து போட்டாலும் ஏறும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மூட்டுவலிக்கு என்று விற்கும் ஜாமு என்ற மூலிகை மருந்து சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சே பிடித்திருக்கிறது. அது பிரஷரையும் ஏற்றும், முகத்தையும் வயிற்றையும் உப்ப வைக்கும். டாக்டரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இந்த இரண்டு வாரத்தில் ஒரு நல்ல காரியம் செய்யலாம். மேல்கையில் கட்டும் பிரஷர் மெஷின் ஒன்றை இரவலாவது வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கோப்பி, சிகரெட் முடிந்து அரை மணி நேரம் போகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, கால் மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். கையை மேசையில் நெஞ்சு மட்டத்துக்கு வையுங்கள். பேசாதீர்கள். காலையில் இரண்டு தடவை, இரவில் இரண்டு தடவை, ஒரு வாரத்துக்கு எழுதி வையுங்கள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றதன் சராசரியைப் பாருங்கள். கிளினிக்கில் 140/90 என்பது எல்லை, வீட்டில் 135/85. டாக்டருக்கு அந்தத் தாள் ரொம்ப உதவும்.

180/120-க்கு மேல் போய், கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் விழுவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது என்று எது வந்தாலும் 999 (ஆம்புலன்ஸ்). பிள்ளை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வாய் கோணினால் மெஷினைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டாம், கூப்பிட வேண்டியதுதான்.

லயத்துப் பையன் | ஞாயிறு, காலை 9:02

அக்கா சொன்னால் சரிதான், ஆனால் என் தாத்தா கேள்விக்குப் பதில் வரவில்லையே?

அஞ்சலை வீட்டுச் சமையல் | ஞாயிறு, காலை 9:31

நான் சொல்கிறேன் தம்பி. உங்கள் தாத்தா விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் (ரப்பர்) காட்டுக்குப் போய், மேடும் பள்ளமுமாக நானூறு ஐந்நூறு மரம் சீவி, அப்புறம் பாலைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தவர். அந்த உடம்புக்கு அந்தச் சோறு வேண்டும். இன்று தோட்டம் போய்விட்டது, லயம் (தோட்டத்து வீட்டு வரிசை) போய்விட்டது, தட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. என் வீட்டிலும் அதே கதை. வீட்டுக்காரர் லோரியில் உட்கார்ந்து வேலை செய்கிறார், சாப்பிடுவது மட்டும் குலை வெட்டுகிற ஆள் சாப்பாடு.

தாதி அக்கா | ஞாயிறு, காலை 10:15

அஞ்சலை சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துத் தோட்டத்தில் யாருக்குப் பிரஷர் பார்த்தார்கள்? "நன்றாகத்தான் இருந்தார், குளிக்கப் போன இடத்தில் விழுந்துவிட்டார்" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனவர்கள் ஒவ்வொரு லயத்திலும் உண்டு. 88 வரை இருந்தவரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். 50-ல் போனவர் கதை பிரஷர் கதை என்று யாருக்கும் தெரியாது.

2023 மலேசியத் தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம். எடை கூடியவர்கள், உடல் பருமனானவர்கள் சேர்ந்து 54.4 விழுக்காடு. தம்பியுடைய பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) 33 வருகிறது. நம் நாட்டுக் கணக்கில் 23-க்கு மேல் எடை அதிகம், 27.5-க்கு மேல் பருமன். இடுப்பளவையும் பாருங்கள், தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து. ஆண்களுக்கு 90 செண்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும்.

காவலன்_சுசி | ஞாயிறு, மதியம் 1:44

அக்கா, முதுகுக்கு வலி மாத்திரை அடிக்கடி போடுவேன், கடையில் வாங்கி. அது பிரஷரை ஏற்றும் என்று இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். இடுப்பு 108.

எடையை எவ்வளவு குறைத்தால் எவ்வளவு இறங்கும்? 70 கிலோவுக்கு வா என்று சொன்னால் அது ஆகிற காரியம் இல்லை.

தாதி அக்கா | ஞாயிறு, மதியம் 2:30

70 யாரும் கேட்கவில்லை. தோராயமாக ஒரு கிலோ குறைந்தால் மேல் எண்ணில் ஒரு புள்ளி இறங்கும். உங்களுக்கு 5 விழுக்காடு என்றால் 4, 5 கிலோதான். அதற்கே பலன் தெரியும், அப்புறம் மெதுவாக அடுத்தது. உப்பைக் குறைத்தால் ஒரு 5 புள்ளி, வேக நடை தொடர்ந்து இருந்தால் இன்னொரு 5. ஆளுக்கு ஆள் மாறும், எல்லாம் அப்படியே கூட்டலாகவும் சேராது. ஆனால் 158-ல் நிற்கும் ஆளுக்கு இவை சின்ன எண்கள் அல்ல.

அஞ்சலை வீட்டுச் சமையல் | ஞாயிறு, மாலை 4:10

உப்பைப் பற்றி நான் பேசலாமா? உப்பைக் குறை, உப்பைக் குறை என்று எல்லாரும் சொல்கிறார்கள், அடுப்படியில் நிற்பது யார்?

ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு சிறு கரண்டிதான், உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு. மலேசியர்கள் சராசரியாக 7.9 கிராம் சாப்பிடுவதாக ஓர் ஆய்வில் வந்தது. கிளினிக்கில் இதைக் கேட்டுவிட்டு வந்து உப்பு ஜாடியை ஒளித்து வைத்தேன். வீட்டில் கலவரம். பிறகு உட்கார்ந்து யோசித்தால், குழம்பில் நான் போடுகிற உப்பு பாதிக் கதைதான். மீதி கிச்சாப் (சோயா சாஸ்) போத்தல், பெலாச்சான் (இறால் விழுது), சம்பால் நெத்திலி, மேகி, சார்டின் டின், அப்பளம், மோர் மிளகாய், ஊறுகாய். மேகி ஒரு பாக்கெட்டிலேயே ஒரு நாளைக்கு உரிய உப்பில் பாதிக்குக் கிட்ட போய்விடும். தூள் பாக்கெட்டில் பாதியைப் போட்டு, முட்டையும் சாவி (கடுகுக்) கீரையும் நிறையப் போட்டு, தண்ணீரைக் குடிக்காமல் விட்டால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

நான் செய்வது இது. நெத்திலியைத் தலை கிள்ளி, வெந்நீரில் ஊற வைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி அலசித்தான் வதக்குவேன். அந்த முதல் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள், ஏன் என்று புரியும். கருவாடு வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் அலசி, கத்தரிக்காயும் மொச்சையும் அதிகமாகப் போட்ட குழம்பில். கருவாட்டுக் குழம்புக்குத் தனியாக உப்பே போடுவதில்லை. ரசத்தில் புளி, மிளகு, பூண்டைக் கூட்டிவிட்டால் உப்புக் குறைந்தது தெரியாது. மீனுக்கு எலுமிச்சை பிழிந்துவிடலாம். கிச்சாப் போத்தலை மேசையிலிருந்து எடுத்து அலமாரிக்கு மேலே வைத்தேன். எழுந்து போய் எடுக்கச் சோம்பல் பட்டே பாதி குறைந்துவிட்டது.

ஒரே நாளில் குறைக்காதீர்கள், தட்டு பறக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரத்தில் நாக்கு பழகிவிடும். இப்போது வெளியில் சாப்பிட்டால் என் வீட்டுக்காரரே "என்ன இவ்வளவு உப்பு" என்கிறார்.

புரட்டாசி விரதக்காரர்களுக்கு ஒன்று. சீனன் கடையில் வாங்கும் சைவக் கோழி, சைவ ஆடு எல்லாவற்றிலும் உப்பு ஏராளம். சைவம் என்று நினைத்துத் தினமும் அதையே பொரித்துச் சாப்பிட்டால் விரதம் சாமிக்குப் போகும், உப்பு நமக்கு வரும்.

பச்சைவாழை | ஞாயிறு, மாலை 5:00

அப்போது சோடியம் குறைந்த உப்பு என்று சூப்பர்மார்க்கெட்டில் விற்கிறார்களே, அதை வாங்கலாமா?

தாதி அக்கா | ஞாயிறு, மாலை 5:22

அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பெரிண்டோப்ரில் மாதிரி பிரஷர் மருந்து சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

லோரி மணியம் | ஞாயிறு, இரவு 8:48

நம்ம கதையைச் சொல்கிறேன். கோலாலம்பூர் பினாங்கு ஓட்டம். எடையை ஏற்றியது சோறு இல்லை, கிளாஸ். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு தே தாரே (டின்பால் விட்டு ஆற்றிய தேநீர்), வெயிலுக்கு ஒரு ஐஸ் மைலோ, சாமான் இறக்கின இடத்தில் ஒரு டின். டின்பால் இரண்டு மேசைக்கரண்டி விட்டாலே 20 கிராமுக்கு மேல் சீனி. அது ஒரு கிளாஸ். 2019-ல் இனிப்புத் தண்ணிக்கு வரி போட்டார்கள், அது போத்தலுக்கும் டின்னுக்கும்தான், மாமாக் கடை கிளாஸுக்கு இல்லை.

இப்போது தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத தேநீர். முதலில் கசாயம் குடிக்கிற மாதிரி இருந்தது. அதை மாற்ற முடியாதவர்கள் கூராங் மானிஸ் (இனிப்புக் குறைவு) என்று சொல்லியாவது ஆரம்பிக்கலாம். ஆனால் கடைக்காரர் கை அவர் பழக்கத்துக்குத்தான் ஊற்றும், நின்று பார்க்க வேண்டும்.

ரொட்டி சானாய் ஒன்று சுமார் 300 கலோரி. நம் உடம்புக்கு அரை மணி நேரம் வேகமாக நடந்தால் அதில் பாதிதான் கரையும். அதனால் நடந்தால் போதும், சாப்பாட்டைத் தொட வேண்டாம் என்று நினைப்பவர்கள் நன்றாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நடை பிரஷருக்கு நல்லது, அது வேறு விஷயம்.

இன்னொன்று. ஜாகா தம்பி, குறட்டை உண்டா? எனக்கு மூச்சு நின்று நின்று வரும் என்று வீட்டில் சொல்வார்கள். பகலில் சிக்னலில் நின்றாலே கண் சொருகும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்த்தார்கள், தூக்கத்தில் மூச்சடைப்பு. அதுவும் பிரஷரை ஏற்றுமாம். மூன்று மாத்திரை போட்டும் இறங்காதது அதற்கு மூச்சுக்கு உதவும் மெஷின் வைத்த பிறகுதான் இறங்க ஆரம்பித்தது.

அழகு_ஆரோக்கியம் | ஞாயிறு, இரவு 9:15

அண்ணன்மார்களே, இவ்வளவு கஷ்டம் எதற்கு? எங்களிடம் மெலியும் காப்பி இருக்கிறது. உணவுக் கட்டுப்பாடு தேவையில்லை. ஒரு மாதத்தில் 8 கிலோ உத்தரவாதம். பிரஷர், இனிப்புநீர் எல்லாவற்றுக்கும். தனிச் செய்தி அனுப்புங்கள்.

தாதி அக்கா | ஞாயிறு, இரவு 9:27

யாரும் அனுப்ப வேண்டாம். மெலியும் காப்பிகளைச் சோதித்தபோது பலவற்றில் சிபுட்ராமின் என்ற மருந்து கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை அறிவித்திருக்கிறது. பசியை அடக்கும், எடை குறையத்தான் செய்யும். ஆனால் பிரஷரையும் இதயத் துடிப்பையும் ஏற்றும். மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010-ல் அமெரிக்கா, ஐரோப்பா என்று பல நாட்டுச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த ஆளிடம் இதை விற்க வருகிறீர்களே.

மருந்து என்றால் பெட்டியில் MAL என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஒளிரும் ஸ்டிக்கரும் இருக்க வேண்டும். அந்த எண்ணை அமைச்சின் மருந்துப் பிரிவு இணையத்தளத்தில் போட்டுப் பார்க்கலாம். "காப்பிதானே, பதிவு எதற்கு" என்று ஒருவர் சொன்னால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, இரவு 9:50

விற்பனைப் பதிவு எழுதியவர் நீக்கப்பட்டார். மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று அந்தப் பதிவை மட்டும் விட்டுவைக்கிறோம்.

காவலன்_சுசி | செவ்வாய், காலை 8:05

இரவு ஷிப்ட் முடித்து இப்போதுதான் வந்தேன். குறட்டை உண்டு, வீட்டில் சொன்னார்கள். டாக்டரிடம் கேட்கிறேன்.

இரவு வேலையில்தான் கை வாயை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. விடியற்காலை 3 மணிக்குத் தூக்கம் அழுத்தும்போது மேகி, பிஸ்கட், மைலோ. நடக்கலாம் என்றால் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) நாய்த் தொல்லை, காலை 9-க்கு மேல் வெயில் கொளுத்துகிறது. என்ன செய்வது?

அஞ்சலை வீட்டுச் சமையல் | செவ்வாய், காலை 9:10

டிபன் கேரியர் கட்டிக்கொண்டு போங்கள். சுகு சுகு செப்பாரோ (கால், கால், பாதி) என்று கிளினிக் சுவரில் தட்டுப் படம் ஒட்டியிருப்பார்களே, கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் கோழி, பாதி காய்கறி பழம். அதைக் கேரியரில் பிரித்துவிடுங்கள். கீழ்த் தட்டில் கீரைப் பொரியல், காய். நடுத் தட்டில் சோறு, கையால் ஒரு பிடி, அழுத்தி வைக்கக் கூடாது. மேல் தட்டில் மீன். 3 மணிக்கு அவித்த கடலை, உப்பில்லாமல், இல்லையென்றால் கொய்யா, பப்பாளி. கீரையும் பழமும் பொட்டாசியம் உள்ளவை, பிரஷருக்கு அதுவும் உதவும், சிறுநீரகம் சரியாக இருந்தால்.

லோரி மணியம் | செவ்வாய், காலை 11:30

நடைக்கு ஜாகா வேலையே வசதிதானே. தொழிற்சாலை வேலிக்குள் நாய் வராது. ரவுண்டு போகும் நேரத்தில் மோட்டாரை விட்டுவிட்டு நடந்து போங்கள், பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது கணக்கு. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தாலும் சேரும்.

லயத்துப் பையன் | செவ்வாய், மதியம் 12:02

பீர் பற்றி யாரும் பேசக் காணோம். வேண்டுமென்றேதான் விட்டீர்களா?

தாதி அக்கா | செவ்வாய், மதியம் 12:40

நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். மதுவும் பிரஷரை ஏற்றும், எடையையும் ஏற்றும். மலிவுச் சம்சுவோ விலையுயர்ந்த விஸ்கியோ, பிரஷருக்குத் தெரிவது ஆல்கஹால்தான். குடிக்கும்போது தொட்டுக்கொள்ளும் உப்புக் கடலை, பொரித்த கோழியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். விட முடிந்தால் விடுங்கள். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம், அதற்கு டாக்டர் துணை வேண்டும்.

காவலன்_சுசி | வெள்ளி, மாலை 6:15

இரண்டு வாரம் முடிந்து கிளினிக் போய் வந்தேன். அண்ணன் மகளுடைய மெஷினில் எடுத்த கணக்கைக் காட்டினேன், சராசரி 146/91. வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார், முதுகுக்கு வேறு கொடுத்தார். சிறுநீரகம் நல்லபடி. ரத்தத்தில் சீனி எல்லைக்குப் பக்கத்தில். எடை ஒரு கிலோ சொச்சம் இறங்கியிருக்கிறது. அப்பாவின் கதையையும் சேர்த்துப் பார்த்து, அம்லோடிபின் 5 மில்லிகிராம் ஆரம்பித்துவிட்டார். குறட்டைக்கு ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

கொஞ்சம் மனசு விட்டுப்போச்சு. உப்பையும் சீனியையும் விட்டது வீண்தானா?

தாதி அக்கா | வெள்ளி, இரவு 7:00

வீண் என்று யார் சொன்னது? வாழ்க்கை முறையை மாற்றினால் மாத்திரை குறைந்த அளவிலேயே வேலை செய்யும். எடை நன்றாகக் குறைந்து, கணக்கு பல மாதம் தொடர்ந்து நல்லபடி இருந்தால் அளவைக் குறைத்துப் பார்க்கும் டாக்டர்களும் உண்டு. அது அவர் முடிவு. பிரஷர் இறங்கிவிட்டது என்று நீங்களே நிறுத்துவதுதான் ஆபத்து, இறங்கியிருப்பதே மாத்திரையால்தான். சாகிற வரைக்கும் விட முடியாது என்று பயமுறுத்துகிறவர்கள், விட்டதால் விழுந்தவர்களைப் பற்றிச் சொல்வதில்லை.

அம்லோடிபினில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். வீங்கினால் பயந்து தூக்கிப் போடாமல் போய்ச் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். ஷிப்ட் மாறினாலும் கைபேசியில் மணி வைத்து ஒரே நேரத்தில் போடுங்கள். மாதா மாதம் மருந்து எடுக்க ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் செலவில்லை, மருந்து தீர்ந்து நான்கு நாள் கழித்து வருகிற பழக்கம் மட்டும் வேண்டாம்.

லயத்துப் பையன் | வெள்ளி, இரவு 7:41

சரி, நானும் இன்றைக்கு மருந்துக்கடையில் கையை நீட்டினேன். 142/88. வயது 36. சிரிக்க வேண்டாம்.

அஞ்சலை வீட்டுச் சமையல் | வெள்ளி, இரவு 7:50

சிரிக்கவில்லை தம்பி. கருவாட்டை அலசுங்கள்.

காவலன்_சுசி | வெள்ளி, இரவு 8:20

நன்றி அக்கா. கடைசியாக ஒன்று. சொந்தமாக மெஷின் வாங்கப் போகிறேன். என் கை தடிமன், அண்ணன் மகள் மெஷினில் பட்டை இழுத்துத்தான் கட்ட வேண்டியிருந்தது. அதனால் கணக்கு மாறுமா?

தாதி அக்கா | வெள்ளி, இரவு 8:34

மாறும். பட்டை சின்னதாக இருந்தால் உள்ளதை விட அதிகமாகக் காட்டும். மேல்கையின் நடுவில் டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். பட்டையிலேயே எத்தனை செண்டிமீட்டர் வரைக்கும் என்று போட்டிருக்கும், 22 முதல் 42 வரை பிடிக்கிற பட்டை உள்ள மெஷினாகக் கேளுங்கள். வாங்கியதும் அடுத்த தடவை கிளினிக்குக் கொண்டுபோய், அவர்கள் மெஷினோடு பக்கத்தில் வைத்து ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள்.